கறுத்ததெல்லாம் பழமா?

தமிழ் முழுதும் கற்ற ஔவைப் பாட்டியை ஒரே ஒரு முறை திகைத்து நிற்கச் செய்தது ஒரு காட்டுப் பழம் என்று நம் நாட்டுக் கதை கூறுகிறது. நாவல் மரக் கிளையில் மாடு மேய்க்கும் சிறுவனாக அமர்ந்திருந்த முருகப் பெருமான், "சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா?" என்று வினவினார், மூதாட்டி விடை அறியாமல் மயங்கினாள். இக்கதைக்குப் பெரியோர் தத்துவார்த்தம் பல கூறுவர். நமக்கு அதில் தென்படுவது வேறொன்று. கேள்வி கேட்டவன் மாடு மேய்க்கும் பிள்ளை. தடுமாறியவர் நூல் பல கற்றவர். மரத்தையும் பழத்தையும் பற்றிய அறிவு ஏட்டில் இருப்பதைவிடக் காட்டில் திரிவோரிடமே மிகுதியாக இருந்தது என்பதை அக்கதை கட்டியவர் நன்கு உணர்ந்திருக்கிறார்.

இன்றைய நம் குடும்பங்களின் நிலையும் ஏறக்குறைய இதுவே. கோடை விடுமுறையில் உதகைக்கோ, குன்னூருக்கோ, கோடைக்கானலுக்கோ செல்கிறோம். சாலையோரப் புதரில் கருமணிகளைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து வைத்தாற்போல் ஒரு பழம் பழுத்திருக்கிறது. குழந்தை கையை நீட்டுகிறது. "தொடாதே, விஷம்!" என்று தாயார் கூவுகிறார். "பறவைகள் தின்கின்றனவே, ஒன்றும் செய்யாது, தின்னட்டும்" என்கிறார் தகப்பனார். இருவரில் ஒருவரேனும் அந்தச் செடி இன்னதென்று அறிந்து பேசவில்லை. தாயின் சொற்படி நடந்தால் நல்லதொரு கனியைக் குழந்தை இழக்கும். அதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. தகப்பனாரின் சொற்படி எல்லாப் புதர்களிலும் கை வைத்தால், என்றாவது ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வரும். இரண்டுக்கும் இடையே அறிந்து உண்பது என்ற மூன்றாம் வழி ஒன்று இருக்கிறது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழமும் அதன் குலமும்

நாம் சொல்ல வந்த பழத்தை ஆங்கிலம் கற்றோர் பிளாக்பெர்ரி என்றும் ராஸ்பெர்ரி என்றும் மாறி மாறி அழைப்பர். மலைகளில் இதற்கு இடத்துக்கு ஒரு பெயர் வழங்குவதால், இக்கட்டுரையில் பொதுவாக 'முட்பழம்' என்றே குறிப்பிடுவோம். சாஸ்திரிகள் இக்குலத்துக்கு ரூபஸ் என்று பெயரிட்டிருக்கிறார்கள். இது ரோஜாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆப்பிளும் பேரிக்காயும் இதற்கு உறவினர். முள்ளையும் பூவையும் சற்று உற்று நோக்கினால் அந்த உறவு உடனே விளங்கிவிடும்.

முட்பழம் குளிர்நாட்டுக்கே உரியது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆங்கிலக் கதைப் புத்தகங்களில் அதைப் பற்றிப் படித்ததால் வந்த எண்ணம் இது. உண்மையில் இமயம் முதல் இலங்கை மலைகள் வரை நமது பகுதியெங்கும் இக்குலத்தின் பல வகைகள் தாமாகவே வளர்கின்றன. குமாவோன் மலைவாசிகள் இவற்றுள் ஒரு வகையை ஹிசாலு என்பர். நேபாளத்தில் அதையே ஐசேலு என்பர். அங்கே பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு வழியெல்லாம் அதுவே சிற்றுண்டி. தமிழ்நாட்டில் நீலகிரி, ஆனைமலை, பழனி மலை ஆகியவற்றின் உயர்ந்த பகுதிகளில் சோலைக்காட்டின் ஓரங்களிலும், ஓடைக்கரைகளிலும், வெட்டவெளிப் புதர்களிலும் இதைக் காணலாம். சமவெளியின் வெப்பம் இதற்கு ஒவ்வாது. ஆகையால் மதுரையிலோ தஞ்சையிலோ வேலிக்காலில் இதையொத்த ஒன்றைக் கண்டால், அது வேறு எதுவோ என்று முதலிலேயே முடிவு செய்துவிடலாம்.

ஐந்து அடையாளங்கள்

ஒரு மனிதரை அவர் அணிந்திருக்கும் சட்டையின் நிறத்தைக் கொண்டு மட்டும் அடையாளம் சொல்வோமா? முகம், குரல், நடை எல்லாம் பொருந்தினால்தானே இன்னார் என்போம்? பழத்தையும் அவ்வாறே நோக்க வேண்டும். கறுப்பாக இருக்கிறது என்பது ஒரு லட்சணமே அன்று. பின்வரும் ஐந்தும் ஒருங்கே பொருந்தினால்தான் அது முட்பழம்.

முதலாவது, முள். தண்டு நீண்டு வளைந்து கிடக்கும். அதன் மேல் கொக்கி போன்ற முட்கள் இருக்கும். தண்டில் மட்டுமன்றி, இலைக்காம்பின் அடிப்புறத்திலும் சிறு முட்கள் இருக்கும்.

இரண்டாவது, இலை. ஒரு காம்பில் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று சிற்றிலைகள் சேர்ந்திருக்கும். ரோஜா இலையை நினைவு கொள்க. ஓரம் ரம்பம் போல் வெட்டுப்பட்டிருக்கும். தண்டில் இலைகள் நேருக்கு நேர் இணையாக நில்லாமல், ஒன்று இப்புறமும் அடுத்தது அப்புறமுமாக மாறி மாறி முளைக்கும். இந்த ஒரு குறிப்பு மிக முக்கியமானது. காரணத்தைப் பின்னர் கூறுவோம்.

மூன்றாவது, பூ. ஐந்து இதழ்; நடுவே எண்ணற்ற மகரந்தக் கேசரங்கள். வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும் ஒரு குட்டிக் காட்டு ரோஜா என்றே சொல்லலாம். பழம் பழுக்கும் காலத்திலும் அதே புதரில் ஓரிரு பூக்கள் பெரும்பாலும் எஞ்சியிருக்கும். தேடிப் பார்க்க வேண்டும். பழத்தின் அடியிலும் ஐந்து முனையுள்ள புல்லி இதழ்கள் நட்சத்திரம் போல் விரிந்து நிற்கும்.

நான்காவது, பழத்தின் அமைப்பு. சிறு சிறு மணிகள் பல ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பழமாகியிருக்கும். ஒவ்வொரு மணியிலும் ஒரு விதை உண்டு. மணிகளைத் தனித்தனியே உதிர்க்க முயன்றால் அவை நசுங்குமே தவிர, உருண்டு விழா.

ஐந்தாவது, பழம் கழன்று வரும் விதம். நன்கு பழுத்ததை மெல்லத் தொட்டு இழுத்தால், நடுவிலுள்ள வெண்மையான கூம்பு செடியிலேயே தங்கிவிட, பழம் மட்டும் ஒரு சிறு குல்லாயைப் போல உள்ளே பொள்ளலாகக் கையில் வரும். நம் மலைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் வகைகளைச் சோதிக்க இதைவிடச் சிறந்த உபாயம் இல்லை. மேனாட்டுப் பிளாக்பெர்ரியில் அக்கூம்பு பழத்துடனேயே வந்துவிடும். ராஸ்பெர்ரியில் செடியிலேயே தங்கும். இக்கணக்கின்படி பார்த்தால், நம் மலைகளில் பிளாக்பெர்ரி என்று பலரும் சுட்டும் கரும்பழம் உண்மையில் ராஸ்பெர்ரி வகையைச் சேர்ந்ததே ஆகும்.

இந்த ஐந்தும் பொருந்திய செடியின் பழத்தை உண்டு உயிருக்குக் கேடு வந்ததாக அறியப்படவில்லை. ஐந்தில் ஒன்று குறைந்தாலும் கையை எடுத்துவிட வேண்டும்.

சோதரர் மூவர்

நம் மலைகளில் எளிதில் காணத்தக்க வகைகள் மூன்றைக் கூறுவோம்.

முதலாவது கரும்பழம். சாஸ்திரத்தில் ரூபஸ் நிவியஸ் எனப்படும். 'நிவியஸ்' என்றால் பனிபோல் வெண்மையானது என்று பொருள். பழம் கறுப்பாயிருக்க இப்பெயர் ஏன்? தண்டைப் பார்த்தால் விளங்கும். இளந்தண்டின் மீது திருநீறு பூசினாற்போல் வெண்பூச்சு ஒன்று படிந்திருக்கும். இலையின் அடிப்புறமும் வெண்பஞ்சு ஒட்டியது போலிருக்கும். பூ இளஞ்சிவப்பு. காய் முதலில் பச்சையாயிருந்து, பிறகு சிவந்து, கடைசியில் ஊதா கலந்த கருமை பெறும். மேலே மெல்லிய சாம்பல் நிற மயிர் படர்ந்திருக்கும். உலகெங்கும் இதற்கு வழங்கும் ஆங்கிலப் பெயர் மைசூர் ராஸ்பெர்ரி என்பது. நம் தென்னாட்டின் பெயரைத் தாங்கி உலகம் சுற்றும் பழம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியாதிருப்பது விசித்திரந்தான்!

இரண்டாவது பொன்பழம், ரூபஸ் எலிப்டிகஸ். ஒவ்வொரு காம்பிலும் மூன்றே சிற்றிலைகள். அவை உருண்டையாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும். தண்டு முழுவதும் முட்களோடு செம்பழுப்பு நிற மயிர்கள் அடர்ந்திருப்பதால் தூரத்திலேயே தெரிந்துவிடும். பூ வெண்மை. பழம் பொன்மஞ்சள். இமயத்தின் ஹிசாலு இதுவே. இன்சுவையில் கரும்பழத்துக்குச் சற்றும் இளைத்ததன்று.

மூன்றாவது, தனி இலை உடைய வகை. இதன் இலை சிற்றிலைகளாகப் பிரியாமல், திராட்சை இலையைப் போல மடல் மடலாக வெட்டுண்டிருக்கும். மற்ற லட்சணங்கள் பொருந்தினாலும், புதிதாகப் பழகுவோர் இதை விட்டுவிடுவதே நன்று. அனுபவசாலி ஒருவர் உடன் இருந்து காட்டிய பின்னர் பறிக்கலாம்.

வேஷதாரிகள்

வெளுத்ததெல்லாம் பாலல்ல, கறுத்ததெல்லாம் தண்ணீரல்ல என்பது நம் பாட்டிமார் வாக்கு. கரும்பழத்தின் வேஷத்தில் நிற்பவை சில உண்டு. அவற்றை அறிந்துகொள்ளாமல் கரும்பழத்தை அறிந்துகொண்டதாகக் கூற முடியாது.

அவற்றுள் முதலில் நிற்பது உண்ணிச்செடி. மஞ்சளும் சிவப்பும் ரோஜா நிறமும் கலந்த சிறு பூக்கள் குடை போல் கூடிப் பூக்குமே, அதுதான். இது நம் நாட்டுச் செடியன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகத் தோட்டங்களில் வைக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவரப்பட்டது. இன்று காடு மேடெல்லாம் பரவி, யானைக்கும் மானுக்கும் தீனியான புல்லை அமுக்கிவிட்டது. இதன் பழமும் சிறு கருமணிகளின் கொத்தே. ஆனால் இங்கே ஒவ்வொரு மணியும் தனித் தனிப் பழம். விரலால் தள்ளினால் ஒவ்வொன்றாக உருண்டு விழும். குல்லாய் போல் கழலாது. இலைகள் நேருக்கு நேர் இணையாக நிற்கும். கசக்கினால் கடுமையான வாடை வீசும். தண்டு நாற்சதுரமாக இருக்கும். இலை மாறி நிற்கிறதா, இணையாக நிற்கிறதா என்று பார்க்கச் சொன்னதன் காரணம் இதுவே. தண்டில் முள் இருப்பதைக் கண்டு மட்டும் ஏமாறலாகாது. உண்ணிச்செடிக்கும் முள் உண்டு. கிராமத்துப் பிள்ளைகள் இதன் கனிந்த பழத்தைத் தின்பதுண்டு. ஆயினும் பச்சைக்காய் விஷமுள்ளது. வாந்தி, பேதி, மயக்கம் ஆகியவை சில மணி நேரம் கழித்தே தோன்றலாம். ஒரே கொத்தில் காயும் பழமும் கலந்திருப்பதால் குழந்தைகளின் கைக்கு இது ஏற்றதன்று. இதன் இலையைத் தின்ற கால்நடைகளுக்கு ஈரல் கெடும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

அடுத்தது பைட்டோலாக்கா. இதுவும் அந்நிய நாட்டிலிருந்து வந்து மலைச்சாலை ஓரங்களில் குடியேறியது. முள் கிடையாது, தண்டு வழவழப்பாக, பெரும்பாலும் சிவப்போடியிருக்கும். கருமணிகள் கதிர் போல் நீண்ட தண்டில் வரிசையாக ஒட்டி நிற்கும். நசுக்கினால் ஆழ்ந்த சிவப்புச் சாறு வரும். பார்க்க மனோகரமாகவே இருக்கும். ஆனால் வேர் முதல் காய் வரை வயிற்றைக் கலக்கும் விஷம் உள்ளது. முள் இல்லை என்ற ஒரே அடையாளம் போதும், இதை விலக்குவதற்கு.

மூன்றாவது வேஷதாரி தீங்கற்றவன். பட்டுப்பூச்சிக்கு இலை கொடுக்கும் முசுக்கட்டை. மல்பெரி என்றால் பலருக்கும் தெரியும். பழம் நீண்டு, முட்பழத்தைப் போலவே மணி மணியாக இருக்கும். ஆனால் இது மரம், முள் இல்லை, பழத்தைப் பறித்தால் பசுமையான சிறு காம்பும் கூடவே வரும். கனிந்த பின் உண்ணலாம். பச்சையாக உண்டால் வயிறு கெடும்.

பொய்யான பரீட்சைகள்

காட்டுப் பழங்களைச் சோதிக்க நம்மிடையே வழங்கும் சில பரீட்சைகள் பொருளற்றவை. பறவை தின்றால் மனிதனும் தின்னலாம் என்பது அவற்றுள் ஒன்று. எட்டிப் பழத்தின் சதையை இருவாட்சிப் பறவை விழுங்கும். மனிதனுக்கோ எட்டி விதை எமன். எட்டி பழுத்தால் யாருக்கு என்ன பயன் என்ற நம் பழமொழி வீணாகப் பிறக்கவில்லை.

கசந்தால் விஷம், இனித்தால் நல்லது என்பது மற்றொன்று. காட்டாமணக்கின் விதை நிலக்கடலை போல் ருசிக்கும். அந்த ருசியில் மயங்கிப் பள்ளிப் பிள்ளைகள் பலர் கூட்டமாக வாந்தியெடுத்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட செய்திகள் நம் பத்திரிகைகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன. நாக்கு ருசியை அறியும், விஷத்தை அறியாது.

கைபேசியில் படம் பிடித்தால் செடியின் பெயரைச் சொல்லும் சாதனங்கள் இப்போது வந்திருக்கின்றன. கற்பதற்கு அவை நல்ல துணை. ஆனால் உண்ணலாமா என்று முடிவு செய்ய அவற்றை நம்பலாகாது. அவை பிழை செய்யும். பிழையின் பலனை அனுபவிப்பது கைபேசியன்று, நம் வயிறு.

பறிக்கும் முறை

கோடையை ஒட்டிய மாதங்களே பெரும்பாலும் பழக்காலம். மழையையும் மலையின் உயரத்தையும் பொறுத்து முன்பின்னாக அமையும். நன்கு நிறம் மாறி, தொட்டவுடன் கழன்று வருவதே கனிந்த பழம். இழுத்தும் வராததை விட்டுவிட வேண்டும். பறித்த பின் அது பழுக்காது. முழுக்கைச் சட்டையும் காலணியும் அவசியம். வாயகன்ற ஆழமில்லாப் பாத்திரத்தில் சேர்க்க வேண்டும். ஆழமான கூடையில் இட்டால் அடியிலுள்ளவை நசுங்கிக் கூழாகும்.

இடத்தை ஆராய்வது பழத்தை ஆராய்வதற்குச் சற்றும் குறையாத முக்கியம் வாய்ந்தது. தேயிலை, காய்கறித் தோட்டங்களின் ஓரத்தில் பறிக்க வேண்டாம்; அங்கே தெளிக்கும் பூச்சிமருந்து புதரிலும் படிந்திருக்கும். மோட்டார் வண்டிகள் ஓயாமல் செல்லும் சாலையோரத்துப் பழமும், சாக்கடை நீர் பாயும் ஓடைக்கரைப் பழமும் வேண்டா. நாய் முதலிய பிராணிகள் அசுத்தம் செய்யக்கூடிய முழங்கால் உயரத்துக்குக் கீழுள்ளவற்றையும் விட்டுவிடலாம்.

புதருக்குள் கை விடுமுன் ஒரு கோலால் தட்டிப் பார்ப்பது பாம்புக்கு நாம் விடும் எச்சரிக்கை. காட்டெருமை இப்போது குன்னூர், கோடைக்கானல் வீதிகளிலேயே நடமாடுகிறது. இப்பழத்தில் கரடிக்கும் பிரியம் உண்டு. ஆகவே விடியற்காலையிலும் அந்தி மயங்கும் நேரத்திலும் பழம் தேடிப் புறப்படலாகாது. தனியே செல்வதும், பழத்தின் ஆசையில் பாதையை விட்டு விலகுவதும் கூடா. மழை பெய்திருந்தால் அட்டைக்கும் ஆயத்தமாயிருக்க வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும், உப்புக் கலந்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊற வைத்தால் உள்ளே ஒளிந்திருக்கும் சிறு புழுக்கள் மிதந்து வெளிவரும். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, அன்றைய தினமே உண்டுவிட வேண்டும். முதன் முறையாக உண்பவர் நாலைந்து பழங்களோடு நிறுத்திக்கொள்வது நலம். எந்தப் பழமும் யாரோ ஒருவர் உடம்புக்கு ஒவ்வாமல் போகலாம்.

மிகுதியாகக் கிடைத்தால் ஜாம் செய்து வைக்கலாம். பழத்தை மசித்து, எடையில் முக்கால் பங்கு சர்க்கரையும் ஓர் எலுமிச்சம்பழச் சாறும் சேர்த்து, அடி கனமான பாத்திரத்தில் இடைவிடாமல் கிளறிக் காய்ச்ச வேண்டும். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டால் அது ஓடாமல் நின்றால் பதம். கொதிநீரில் இட்டு உலர்த்திய கண்ணாடிப் புட்டியில் சூட்டோடு நிரப்பி மூடிவிடலாம். விதைகள் பல்லில் அகப்படுவதை விரும்பாதோர் காய்ச்சுமுன் சல்லடையில் வடிகட்டிக்கொள்க.

இது யாருடைய பழம்?

காட்டில் விளைவதால் எல்லோருக்கும் சொந்தம் என்று எண்ணிவிடக் கூடாது. தேசியப் பூங்காக்களிலும் வனவிலங்குச் சரணாலயங்களிலும் அனுமதியின்றிச் செடி கொடிகளைத் தொடுவது 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். நீலகிரியின் முக்குர்த்தி தேசியப் பூங்கா. பழனி மலையிலோ 2013-இல் கோடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் ஏற்பட்டது. ஆகையால் எல்லை எதுவென்று உள்ளூர் வன இலாகா அதிகாரிகளிடம் கேட்டறிந்து, அதற்கு வெளியே, நில உடைமையாளரின் இசைவு பெற்றே பறிக்க வேண்டும்.

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் முதலிய மலைமக்களுக்குக் காட்டின் சிறுவிளைபொருள்களில் உள்ள உரிமையை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. நாம் விளையாட்டாகப் பறிப்பது அவர்களுடைய ஜீவனத்தில் கை வைப்பதாகிவிடக் கூடாது. கைக்கெட்டியதில் பாதியையாவது புதரிலேயே விட்டு வருவது அழகு. சின்னானும் அணிலும் நம்மைவிடப் பழைய குடிகள்; விதையைப் பரப்பி அடுத்த புதரை உண்டாக்குவோரும் அவர்களே.

இன்னொன்றும் கூற வேண்டும். இச்செடியைப் பிடுங்கி வேறு நாட்டுக்கோ வேறு சூழலுக்கோ கொண்டுசெல்லலாகாது. ஹவாய்த் தீவில் 1961-இல் உண்பதற்காகக் கொண்டுபோன நம் பொன்பழம், இன்று அத்தீவின் காடுகளை விழுங்கி, உலகின் மிகக் கொடிய நூறு ஊடுருவிகளின் பட்டியலில் இடம் பெற்றிருக்கிறது. மைசூர் ராஸ்பெர்ரியும் கலாபகாஸ் தீவுகளில் அதே தொல்லையை விளைவிக்கிறது. நம் மலைகளிலோ இவை பிற உயிர்களோடு ஒழுங்காக வாழ்கின்றன. உண்ணிச்செடி இங்கு வந்து செய்வதை நம் பழம் அங்கு சென்று செய்கிறது. குற்றம் செடியுடையதன்று; அறியாமல் இடம் மாற்றியவர்களுடையது.

தவறி உண்டுவிட்டால்

இனந்தெரியாத பழத்தைக் குழந்தை தின்றுவிட்டதாகச் சந்தேகம் எழுந்தால், வாயில் எஞ்சியதை வெளியேற்றி வாயைக் கொப்பளிக்கச் செய்க. உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்வது பழைய வழக்கம். அது கூடாதென்றே இன்றைய வைத்தியம் சொல்கிறது. இப்போது ஒன்றும் தெரியவில்லையே என்று காத்திருக்கவும் கூடாது. 108-க்குச் சொல்லி அனுப்பி, அச்செடியின் இலை, பூ, காய் சேர்ந்த ஒரு கிளையைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குச் செல்க. எந்தச் செடி, எத்தனை பழம், எப்போது என்ற மூன்றுக்கும் விடை கொடுத்தால் வைத்தியரின் வேலை பாதி முடிந்தாற்போல. அடித்து மிரட்டினால் குழந்தை உண்மையை மறைக்கும். அதனால் அருமையான நேரம் வீணாகும்.

இவ்வறிவு எங்கே போயிற்று?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர் தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிப் பெரிய சித்திர நூல்களை வெளியிட்டார். அச்சித்திரங்களுள் பலவற்றை எழுதியவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். செடியின் ஒவ்வொரு முள்ளையும் நரம்பையும் பிசகாமல் வரைந்த கைகள் அவை. கோவிந்துவைக் கௌரவிக்கும் பொருட்டு ஓர் ஆர்க்கிட் இனத்துக்கே வைட் அவர் பெயரை இட்டார்; அப்பெயர் பின்னர் வழக்கொழிந்தது. சென்னை இராசதானிக் கல்லூரிப் பேராசிரியர் பைசன் நீலகிரி, பழனி மலைச் சிகரங்களின் தாவரங்களைப் பற்றி 1915-ஆம் ஆண்டு முதல் நூல் வெளியிட்டார். திருச்சிராப்பள்ளி ராபினாட் தாவரக் காப்பகத்தின் பாதிரியார் கே. எம். மாத்யூ பழனி மலைத் தாவரங்கள் யாவற்றையும் தொகுத்து 1999-இல் அளித்தார். ஆகவே இவ்விஷயத்தில் அறிவு இல்லாமல் போகவில்லை. அது ஆங்கில நூல்களில் இருக்கிறது. மலைமக்களின் நினைவில் இருக்கிறது. நடுவே உள்ள நம் இல்லங்களில்தான் இல்லை.

கடல் கடந்து வரும் புட்டியில் ராஸ்பெர்ரிப் படம் போட்ட ஜாமை விலை கொடுத்து வாங்கும் வீட்டில், அதே குலத்துப் பழம் நம் மலையில் விளைவதை அறிந்தவர் எத்தனை பேர்? தேசபக்தி என்பது கொடியை வணங்குவதோடு முடிந்துவிடுவதன்று. தான் பிறந்த நாட்டின் மண்ணில் முளைப்பது இன்னதென்று பெயர் சொல்லத் தெரிவதும் அதில் அடங்கும்.

இதற்குப் பெருமுயற்சி வேண்டியதில்லை. அடுத்த கோடைப் பிரயாணத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஒரே செடி போதும். முள், இலை, பூ, காய், பழம் என்று ஐந்து கட்டம் வரைந்து, கண்டதைக் கண்டபடி எழுதவும் வரையவும் செய்யுங்கள். உள்ளூர்ப் பெரியவர் ஒருவரிடம் அதன் பெயரைக் கேட்டுத் தமிழில் எழுதி வையுங்கள். ஐந்து கட்டமும் நிரம்பி, அறிந்தவர் ஒருவர் ஆமென்று சொல்லும் வரை, அந்தப் பழம் புத்தகத்தில் மட்டுமே இருக்கட்டும். வாய்க்குப் போக வேண்டாம்.